இன்னும் எத்தனை நாள்?

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். மார்ச் 25-ஆம் தேதி தொடங்கிய 21 நாள் ஊரடங்கு முடியப் போகிறது என்று நாங்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், அது மே 3-ஆம் தேதி வரையில் நீடிக்கும் என்று செய்தி வந்தது. அன்று காலை பால் வாங்கப் போனேன். எங்கள் தெருமுனைத் தையற்காரர், மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்:

"நோய் இல்லேன்னா எதுக்கு சார் கடையை அடைக்கணும்? இருக்குன்னா, இத்தனை நாள் அடைச்சு என்ன சார் கண்டோம்?"

தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள்கூட இதைவிடக் கச்சிதமாக ஒரு கேள்வியைப் போட்டிருக்க முடியாது. நான் இருதலைக் கொள்ளி எறும்பாக விழித்தேன். "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நழுவினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. அன்று தேட ஆரம்பித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. இதே கேள்வியை, 102 வருஷங்களுக்கு முன்பே ஒரு நகரம் முழுவதும் கேட்டிருக்கிறது.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதிக்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ்தான் அந்த நகரம். 1918-ல் அங்கே ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். நகரத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் மாக்ஸ் ஸ்டார்க்லாஃப். முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அப்போதுதான் உலகமெங்கும் இன்ஃப்ளுயன்ஸா பரவிற்று. நம் தேசத்தில் மட்டும் அது ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அது வைரஸால் வருவது என்று அன்றைய வைத்திய உலகத்துக்கே தெரியாது; மனிதரிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல்தான். மருந்தும் கிடையாது, பயன் தரும் தடுப்பூசியும் கிடையாது. டாக்டர் கையில் இருந்தது ஒரே ஓர் ஆயுதம்: கூட்டத்தைக் கலைப்பது.

அக்டோபர் 5-ஆம் தேதி நகர ஜனங்களிடையே நோய் தலைகாட்டியது. 7-ஆம் தேதியே, மேயர் ஹென்றி கீலின் சம்மதத்துடன் உத்தரவு பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம், தேவாலயம், நாடகக் கொட்டகை, சினிமா, நடன சாலை, பொதுக்கூட்டம், ஊர்கூடி நடத்தும் சவ அடக்கம் - எல்லாவற்றுக்கும் பூட்டு. நம் ஊரடங்கைப் போல, "வீட்டை விட்டு வராதே" என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்தாலும் போக இடமில்லாமல் செய்துவிட்டார்! இதே சமயத்தில் கிழக்கே பிலடெல்பியா நகரம் என்ன செய்தது? நோய் வந்த பிறகும், செப்டம்பர் 28-ஆம் தேதி யுத்தக் கடன் பத்திரங்களுக்காகப் பெரிய ஊர்வலம் நடத்தியது. சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். அக்டோபர் 3-ஆம் தேதிதான் கதவுகளை மூடினார்கள். அதற்குள் நோய் ஊருக்குள் உட்கார்ந்துவிட்டது.

செயின்ட் லூயிஸில் மாதம் ஒன்று ஆயிற்று. பிலடெல்பியாவில் விழுந்ததைப் போல அங்கே பிணங்கள் விழவில்லை. இந்த நல்ல செய்தியே டாக்டருக்கு வினையாக முடிந்தது! கொட்டகைக்காரர்கள் நஷ்டக் கணக்கை நீட்டினார்கள். வியாபாரிகள் நச்சரித்தார்கள். பூட்டிய தேவாலயங்களிலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்றாடம் திறந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஆனால் டாக்டர் பின்வாங்கவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி, அத்தியாவசியமல்லாத கடைகளையும் நான்கு நாட்களுக்கு அடைக்கச் சொன்னார். 11-ஆம் தேதி யுத்தம் ஓய்ந்தது. உத்தரவாவது ஒன்றாவது! ஜனங்கள் தெருவில் திரண்டு கூத்தாடினார்கள். அதே வாரத்தில் கடைகள் திறந்தன, பள்ளிகளும் திறந்தன.

மாதக் கடைசியில் நோய் மறுபடி ஏறியது. மறுபடி பூட்டு. டிசம்பர் கடைசியில்தான் ஊர் மூச்சு விட்டது.

இதன் கணக்கை 2007-ல் ஆராய்ச்சியாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். 1918 செப்டம்பர் முதல் 1919 பிப்ரவரி வரை 24 வாரங்கள். வழக்கமாக நேரும் மரணங்களைத் தள்ளிவிட்டு, அதிகப்படியானவற்றை மட்டும் எண்ணினால், பிலடெல்பியாவில் லட்சத்துக்கு 748. செயின்ட் லூயிஸில் 358. இந்த வித்தியாசம் முழுவதும் பூட்டின் பெருமை என்று நான் சாதிக்கமாட்டேன். நோய் மேற்கே பிந்தி வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல நகரங்களை ஒப்பிட்டபோது மற்றொன்றும் தெரிந்தது. கட்டுப்பாடுகள் அமலில் இருந்தவரை இரண்டாம் அலை எழவில்லை. தளர்த்திய பிறகுதான் எழுந்தது. பூட்டு நோயைக் கொல்வதில்லை, காத்திருக்க வைக்கிறது. தொற்றாமல் தப்பியவர்கள் எல்லோரும் இன்னும் தொற்றக் கூடியவர்களாகவே இருக்கிறார்கள்.

தையற்காரரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நோய் குறைவாக இருந்ததற்கு அடைத்ததும் ஒரு காரணம். குறைந்ததால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் நேராத மரணத்தை யார் கண்ணால் பார்த்தார்கள்? ஏரி உடைந்தால் ஊரே அழும்; உடையாவிட்டால் கரையில் இரவெல்லாம் விழித்திருந்தவனை யாருக்கு ஞாபகம் இருக்கும்? மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமருக்குக் கோயில் இருக்கிறது. சுகாதார அதிகாரிக்கு வசவுதான் மிச்சம்.

இந்த விடையைக் கண்டுபிடித்த பெருமையுடன், ஊரெல்லாம் திறந்தபின் ஒருநாள், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனபோது தையற்காரரிடம் கதை முழுவதையும் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். எண்களைக்கூட இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார்.

"டாக்டர் செஞ்சது சரிதான் சார்" என்றார் கடைசியில். "நான் தப்புன்னு சொல்லலை. எங்களுக்கு ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபா குடுத்தாங்க, அரிசி குடுத்தாங்க. வாங்கிக்கிட்டோம். கடை வாடகை மாசம் நாலாயிரம். அந்த ஊர்த் தையல்காரனுக்கு வாடகை யார் சார் குடுத்தது?"

சட்டைக்குக் கூலி கொடுத்துவிட்டு வந்தேன். "எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லலாம். "யார் செலவில்?" என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்டுப் பயனில்லை. அதைக் கஜானாவின் சாவி வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சரித்திரத்தில் விடை தேடி அலைந்த நான், இரண்டாவது கேள்வி ஒன்று இருப்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.