டொபி எதற்கு: சரியான விடைக்கா, முயற்சிக்கா?

பிள்ளை சரியாகச் சொன்னால் ஒரு டொபி, பிழையென்றால் ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எதையாவது பழக்குவதென்றால் எங்கள் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வாற வழி இதுதான். ஆனால் பேச்சு வராத பிள்ளைகளுக்கான சிகிச்சையில் இந்த வழியே கேள்விக்குள்ளாகி மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பரிசு கிடைக்கிற செயலை உயிர்கள் திரும்பச் செய்யும் என்ற கருத்து பிள்ளைகளைப் பார்த்து வந்ததல்ல. 1898இல் எட்வர்ட் தோர்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை வெளியே வரப் பழகுவதைக் கவனித்தார். பிறகு பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து அதை விரிவாக்கினார். பசித்த எலிக்குத்தான் உணவு பரிசாகும்.

1960களில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் இதைப் பேசாத பிள்ளைகளிடம் கொண்டுவந்தார். அவரும் கூட்டாளிகளும் 1966இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஆறு வயதுப் பையன்கள் இரண்டு பேர் வருகிறார்கள். முதலில் எந்தச் சத்தம் போட்டாலும் பரிசு. அடுத்து, பெரியவர் சொல்லி ஆறு செக்கனுக்குள் சத்தம் வந்தால் மட்டும். பிறகு, அது பெரியவர் சொன்னதைப் போலவே இருந்தால் மட்டும். பரிசு என்ன தெரியுமா? அந்தப் பிள்ளையின் சாப்பாடு, ஒவ்வொரு கரண்டியாக. அந்தக் காலத்து ஆய்வுகூடத்தில் அதட்டலும் அடியும் மின்னதிர்ச்சியும்கூட இருந்தன.

பையன்கள் சொற்களைப் பழகினார்கள் என்பது உண்மை. ஆனால் முயற்சிக்குக் கிடைத்த பரிசு முதல் படியோடு முடிஞ்சுபோச்சு.

1973இல் வேறொரு பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் மார்க் லெப்பரும் மற்றவர்களும், படம் கீற விருப்பமான பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். சிலருக்கு மட்டும், கீறினால் ரிபன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பிறகு பார்த்தால், இந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாகக் கீறினார்கள். ஆசையாகச் செய்ததை அந்தப் பரிசு வேலையாக மாற்றிவிட்டது என்றே நாங்கள் இதை விளங்கிக்கொள்கிறோம்.

லோவாஸோடு வேலை செய்த ரொபர்ட் கேகல் சிகிச்சைக்குள்ளேயே இன்னொன்றைக் கண்டார். 1979இல் வெளிவந்த ஆய்வில், திரும்பத் திரும்பத் தோற்கிற பிள்ளை முயல்வதையே விட்டுவிடுவது தெரிந்தது. யோசிச்சுப் பாருங்கள்: வாயசைக்கவே கஷ்டப்படுகிற பிள்ளை நூறு தரம் முயன்று நூறு தரமும் "இல்லை" என்றால், நூற்றியோராவது தரம் ஏன் முயல வேண்டும்?

1988இல் கேகலும் கூட்டாளிகளும் இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில், ஒலி சரியான உச்சரிப்புக்குக் கிட்ட வந்தால் மட்டும் பரிசு. மற்றதில், பேச எடுக்கிற முயற்சிக்கே பரிசு. முயற்சிக்குப் பரிசு பெற்றபோதுதான் பேச்சு கூடுதலாக முன்னேறியது. பிள்ளைகளும் சந்தோசமாக இருந்தார்கள்.

பரிசும் மாறியது. பந்தைப் பார்த்து "ப" என்று சொல்லப் பார்த்தால் டொபி இல்லை, பந்தே கிடைக்கும். எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதுதான். டொபி, 'நான் சொன்னபடி செய்தாய்' என்கிறது. பந்து, 'நீ சொன்னது எனக்கு விளங்கிச்சு' என்கிறது. பேச்சு எதற்கு என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவது பந்துதானே.

இதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் பலர், இந்தப் பயிற்சிகள் தங்களை மற்றவர்களைப் போல நடிக்கப் பழக்கின என்று இன்றைக்கும் விமர்சிக்கிறார்கள். பரிசு இனிப்பாக இருந்தாலும், எது பரிசுக்குரியது என்று தீர்மானிப்பது பெரியவர்கள்தானே என்பது நியாயமான கேள்வி.

எங்கள் வீடுகளிலும் "இன்னும் வடிவாச் சொல்லு, அப்பத்தான் தருவன்" என்று சொல்லுவோம். வழமையாகப் பேசுகிற பிள்ளைக்கு அது விளையாட்டு. பேசக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு, அது கதவை முகத்தில் சாத்துவது. முதலில் கொடுப்போம். வடிவு பிறகு வரட்டும்.