தண்ணீர் குடித்த வண்டிகள்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுக்காகப் படியுங்கள்.

காரின் பானெட்டைத் திறந்து பார்த்து, "தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று ஒரு பாட்டிலை ஊற்றி மூடிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு காலத்தில் அது நல்ல டிரைவரின் அடையாளம். இன்றைய காரில் அதே பழக்கம் எஞ்சினைக் கெடுத்துவிடும். இது எப்போது மாறியது, ஏன் மாறியது என்பதுதான் இன்றைய பாடம்.

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எரிபொருள் எரியும்போது எழும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றும். மீதி வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதற்காக அவர் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் வைத்தார். அது கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தையும் கூடவே எடுத்துப் போகும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று வகுப்பில் படித்தோமே, ஏறக்குறைய அந்தத் தத்துவம்தான்.

1888 ஆகஸ்ட் மாதம் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர், அந்த வண்டியை ஓட்டிப் போனார். எரிபொருளை வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். தண்ணீரோ வழி நெடுகத் தேவைப்பட்டது. நிற்கும் இடத்திலெல்லாம் பிடித்து ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வண்டியில் தண்ணீர் குறைவது கோளாறே இல்லை. குறைந்தால்தான் எஞ்சின் குளிரும்!

ஆனால் எஞ்சினின் பலம் கூடக்கூட, சுமக்க வேண்டிய தண்ணீரும் கூடியது. இதற்கு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் பந்தயங்களில் பேர் வாங்கிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்காக, அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை உருவாக்கினார். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு குழாய்களின் வழியே காற்று பாயும், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சூடான தண்ணீரை ஆவியாக விட்டுவிடாமல், ஆற வைத்துத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பலாம் என்றாயிற்று.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி, ஆரம்பத்தில் தயாரான வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப் இல்லாமலே ஓடியது. சூடான நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும். பீக்கரில் மரத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து நாம் பார்த்த அதே வெப்பச்சலனம். ஆனால் ரேடியேட்டரில் நீர்மட்டம் மேல்குழாய்க்குக் கீழே போய்விட்டால் சுழற்சி நின்றுவிடும். எனவே டிரைவர் அடிக்கடி பார்த்து நிரப்பியாக வேண்டும்.

குளிர்நாடுகளில் இன்னொரு தொல்லை. தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் இரும்பு எஞ்சினே வெடித்துவிடும். முதலில் ஆல்கஹால் கலந்து பார்த்தார்கள். அது சூட்டில் ஆவியாகிப் போய்விடும். 1920களில்தான் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் கடைகளுக்கு வந்தது. நாம் கூலன்ட் என்று சொல்வது பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்தான். "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, பைப் தண்ணியே போதும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும், அதில் சேர்த்திருக்கும் மருந்துகளால் உள்ளே துருவும் உப்பும் படியாமல் தடுப்பதும் நமக்கும் தேவை.

அடுத்த திருப்பம் 1961. பிரான்சில் ரெனோ 4 என்ற சாதாரண மக்களின் கார், முழுக்க மூடிய குளிர்விப்பு முறையோடு வந்தது. சூட்டில் விரியும் திரவம் வெளியே சிந்தாமல் தனித் தொட்டிக்குப் போகும், ஆறியதும் திரும்பிவிடும். இந்த முறை மெல்ல உலகமெங்கும் பரவியது.

நம் நாட்டில் 1957 முதல் ஓடிய அம்பாசடரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது வண்டியை ஓரங்கட்டி, ஈரத்துணியால் மூடியைத் திருகி, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றும் டிரைவர்களை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, ரிசர்வ் டேங்க் வைத்த கார்கள் நமக்குப் பழகிவிட்டன. வண்டி மாறிவிட்டது, கை மட்டும் மாறவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றியே நான்கு மாதம் ஓட்டிவிட்டார். கசிந்தது வாட்டர் பம்ப். ஒருநாள் நெடுஞ்சாலையில் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. பம்ப்போடு முடிந்திருக்க வேண்டிய செலவு எஞ்சின் வேலையாகிவிட்டது. மூன்று வாரம் வருமானம் இல்லை, தவணையோ நிற்கவில்லை.

மூடிய அமைப்பில் திரவம் திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். தேடும் வரிசை இதுதான்:

1. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மட்டத்தைக் கோடு போட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது தெரியும்.

2. இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரியுங்கள். நிறமில்லாத சுத்தத் தண்ணீர் சொட்டினால் ஏசி நீராக இருக்கலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் இருந்தால் கூலன்ட். ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். அந்தத் துளையில் கசிந்தால் பம்ப்பின் சீல் தேய்ந்துவிட்டது.

3. மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லையென்றால் சீக்கிரம் கொதித்து வழியும். விலை குறைந்த சாமான், முதலில் மாற்ற வேண்டியதும் அதுவே.

4. முன்சீட்டின் கால்மிதி ஈரமாகி, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் பகுதியில் கசிவு.

5. வெளியே எதுவும் தெரியவில்லையா? மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி முள்ளைப் பார்ப்பார்கள். வெளியே சொட்டாமல் முள் இறங்கினால், கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால்காபி நிறமாவது, டேங்கில் குமிழி வருவது இவையெல்லாம் ஹெட் கேஸ்கெட்டைக் காட்டும். அப்போது வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஓட்டையை அடைத்த பின் உங்கள் வண்டிக்குச் சொன்ன கூலன்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றச் சொல்லுங்கள். பிறகு மறுபடி கோட்டைப் பாருங்கள். மட்டம் அசையாமல் நின்றால்தான் வேலை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பாயும். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள்.

மெக்கானிக் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் விட்டுப்போனதைக் கமெண்டில் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் நாளைக் காலையிலேயே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்