முள்ளுக்கம்பி இசை

1960களில் டென்மார்க்கின் இளைஞர்கள் மின்கிற்றார்களோடு ஆடலரங்குகளில் எழுப்பிய இசைக்கு இந்நாட்டவர் இட்ட பெயர் 'பிக்ட்ரோட்'. முள்ளுக்கம்பி என்பது அதன் பொருள். ஹிற்மேக்கர்ஸ், டிஃபென்டேர்ஸ் முதலிய குழுக்கள் புகழ்பெற்றன. 1964 ஜூன் 4இல் பீற்றில்ஸ் கோப்பன்ஹேகனுக்கு வந்து பாடியபின் அலை மேலும் உயர்ந்தது. கிராமத்து ஊர்மண்டபங்களிலும் ஆட்டம் நடந்தது. அத்தகைய மண்டபங்களை வாடகைக்கு எடுத்தே பின்னாளில் நாங்கள் கலியாணங்களும் சாமத்தியச் சடங்குகளும் செய்தோம்.

எங்களுக்கும் அப்படியொரு காலம் இருந்தது. பைலாத் தாளத்தில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி மேடையேறினால் கோயில் வீதியில் சனம் கலையாது. பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள், பெடியள் ஆடினார்கள்.

பிறகு வந்த முள்ளுக்கம்பி வேறு. இராணுவ முகாம்களைச் சுற்றி அது நீண்டது. 1983க்குப் பின் எங்கள் இரவுகள் ஊரடங்கின் வசமாயின. டேனிஷ் முதியவர்கள் அச்சொல்லைக் கேட்டால் தம் இளமையை நினைக்கிறார்கள். நாங்கள் காவலரணை நினைக்கிறோம். முகாம்களையும் இழப்புகளையும் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். அந்த ஆட்ட இரவுகளையும் எழுதிவைக்காவிட்டால், எங்கள் பிள்ளைகள் எங்களை அழுதவர்களாக மட்டுமே அறிவார்கள்.