கல்முகமும் சாந்துமுகமும்: நியூயோர்க் வரிசை வீடுகளின் புனரமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நியூயோர்க் நகரிலும், 1898 வரை தனி நகராக விளங்கிய புறூக்ளினிலும், ஒன்றோடொன்று சுவரொட்டிய வரிசை வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. உயர்ந்த வாயிற்படிகளும் கபில நிறக் கல்முகப்பும் அவற்றின் அடையாளங்களாயின. அவற்றைக் கல்லின் பெயராலேயே அழைப்பது வழக்கெனினும், உண்மையில் அவை செங்கல் வீடுகளே. தெருவை நோக்கிய சுவரில் மட்டுமே ஏறத்தாழ 4 முதல் 6 அங்குலத் தடிப்பான மணற்கற் பலகைகள் பதிக்கப்பட்டன. இம்முகப்புகளைப் புதுக்குவோர் எதிர்நோக்கும் சிக்கல்கள் பல இவ்வுண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

இக்கல்லின் பெரும்பகுதி கனெற்றிக்கற் மாநிலத்துப் போட்லன்ட் கல்லகழ்விடங்களிலிருந்து கப்பல்வழி வந்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் படைபடையாகப் படிந்து இறுகிய மணலே அது. இரும்பொட்சைட்டு அதற்கு நிறமளித்தது. இத்தகைய கல்லை, அதன் படைகள் கிடையாக அமையுமாறு அடுக்குதல் மரபு. ஆனால் அகன்ற மெல்லிய பலகைகளைப் படைவழியே பிளந்து நிமிர்த்தி நிறுத்துவது எளிதாயும் மலிவாயும் இருந்தது. விற்பனைக்கென விரைந்து வீடு கட்டியோர் பலர் இவ்வழியையே நாடினர். நிமிர்த்திய படைகளுக்கிடையே புகுந்த மழைநீர் மாரியில் உறைந்து விரிய, கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்தது. ஆகவே இச்சிதைவு காலத்தின் செயல் மட்டுமன்று. கட்டிய முறையின் விளைவுமாகும்.

1893இல் சிக்காக்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் வெண்ணிறச் செந்நெறி மாளிகைகள் மக்களின் சுவையை மாற்றின. அதன்பின் புறூக்ளினின் பார்க் சிலோப் முதலிய பகுதிகளில் இந்தியானாச் சுண்ணாம்புக்கல் முகப்புகள் பெருகின. இக்கல் மணற்கல்லைப்போல ஏடாக உரிவதில்லை. எனினும் கல்சியங் காபனேற்றாலான இது, நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தக அமிலத்தால் அரிக்கப்பட்டது. மழை படாத ஒதுக்குகளில் ஜிப்சமும் புகைக்கரியும் சேர்ந்து கரும்படலமாயின. அமிலத்தால் இதனைக் கழுவுவோர் அழுக்கோடு கல்லையும் கரைத்துவிடுகின்றனர். மென்மையாக நீர் தெளித்து ஊறவைத்தலே தக்க முறையாகும்.

20ஆம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் இவ்வீடுகளுட் பல அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. உதிர்ந்த அலங்காரங்கள் செதுக்கி நீக்கப்பட்டன. முகப்புகள் சீமெந்தாலும் வர்ணத்தாலும் மூடப்பட்டன. 1963இல் பென்சில்வேனியா புகையிரத நிலையம் இடிக்கப்படத் தொடங்கியமை நகரத்தாரை விழிப்புறச் செய்தது. 1965இல் நகரின் மரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே புறூக்ளின் ஹைற்ஸ் நகரின் முதலாவது வரலாற்று வட்டாரமாயிற்று. 1973இல் பார்க் சிலோப்பும் அத்தகுதி பெற்றது.

ஆயின், சட்டம் காத்த முகப்புக்குக் கல் எங்கே? போட்லன்ட் அகழ்விடங்கள் 1930களின் வெள்ளங்களில் மூழ்கின. 1990களில் சிறிய அளவில் மீண்டும் தொடங்கிய அகழ்வும் 2012இல் முடிவுற்றது. எனவே இன்றைய கொத்தர், சிதைந்த பகுதியை உறுதியான கல் தோன்றும்வரை கொத்தியெடுத்து, நிறமூட்டிய சாந்தைப் பல பூச்சுகளாக இட்டுப் பழைய வடிவத்தை மீட்கின்றனர். சாந்து கல்லைவிடக் கடினமாயின் ஈரம் உள்ளே தங்கி, எஞ்சிய கல்லும் நொறுங்கும். நீர்புகாப் பூச்சுகளும் அவ்வாறே கேடு செய்வதுண்டு.

இங்கே ஒரு கொள்கைப் பிரச்சினை எழுகின்றது. புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இயைய வேண்டும்; அதேவேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் விதி. இத்தெருக்களிலோ, வேறுபாடு தோன்றாத பூச்சே சிறந்த பூச்செனப் போற்றப்படுகின்றது. இதனைப் போலியெனத் தள்ளிவிடல் எளிது. ஆனால் மூலமுகப்பே செங்கல்லை மறைத்த ஒரு போர்வையன்றோ? வீடுகள் ஓரணியாய் நிற்கும் தெருவின் ஒருமைப்பாடே அதன் நோக்கமாயிருந்தது. அவ்வொருமையைச் சாந்தால் மீட்பது தகும். ஆயின், ஒரே நிறம் வேண்டுமென்று உறுதியான பழங்கல்லையும் சாந்தால் மூடுவது தகாது. ஒருமுறை கொத்தியெடுத்த கல் மீண்டும் வாராது. உளி பட்ட தடமும் அதனோடு அழியும். எஞ்சிய கல்லைக் காத்து, மாற்றியதைப் பதிவுசெய்து வைக்கும்போதே புனரமைப்பு வரலாற்றுக்கு நேர்மையுடையதாகும்.