பிளேன்டீயும் சொக்லேட்டும்: தூக்கத்தைக் கெடுப்பதை எப்படி அளக்கிறார்கள்?

பெல்மதுளைக்கு அருகே ஒரு தோட்ட லயத்தில், இரவு எட்டு மணிக்கு எனக்குப் பிளேன்டீ தந்தார் ஓர் அம்மா. 1981 வன்செயலின்போது இந்தப் பக்கத்திலிருந்து வன்னிக்குப் போன அவரது தங்கையும் வந்திருந்தார். அவர் கோப்பையைத் தொடவில்லை. "இதக் குடிச்சா ராவெல்லாம் முழிப்புத்தான்" என்றவர், சொக்லேட் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேரனைப் பார்த்து, "அப்ப அதுல?" என்று கேட்டார். அதற்கான பதிலைத் தேடினேன்.

இரண்டு பொருட்கள்

தேயிலையிலும் கொக்கோவிலும் கஃபீன், தியோபுரோமின் இரண்டும் உண்டு. கஃபீனில் ஒரு மெதைல் கூட்டம் கூடுதல், வேறுபாடு அவ்வளவுதான். தேயிலைச் செடி தியோபுரோமினிலிருந்தே கஃபீனை உருவாக்குகிறது. முற்றிய இலையைவிடக் கொழுந்தில் அது அதிகம். கொக்கோவிலோ தியோபுரோமினே மிகுதி. கடும் சொக்லேட்டில் அது கஃபீனைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. ஆனால் மூளையை விழிக்கவைப்பதில் கஃபீன்தான் வலியது.

ஆய்வுகூடத்தில்

சொக்லேட்டைத் தூளாக்கி நிறுத்து, முதலில் பெற்றோலியம் ஈதர் போன்ற கரைப்பானால் கொழுப்பை நீக்குவார்கள். கொழுப்பு மிஞ்சினால் கருவியின் குழாய் அடைபடும். பிறகு சுடுநீரில் பிரித்தெடுத்து வடிகட்டுவார்கள். தேயிலைக்கு 2002ஆம் ஆண்டின் சர்வதேச நியமம் ஒன்று உண்டு. அதன்படி மக்னீசியம் ஒட்சைட்டுச் சேர்த்த நீரில் தூளைச் சூடாக்க வேண்டும்.

வடித்த கரைசல், நுண்துகள் நிரப்பிய உருக்குக் குழாயினூடாக உயர் அழுத்தத்தில் செலுத்தப்படும். இதுவே எச்.பி.எல்.சி. எனப்படும் திரவ நிறப்பிரிகை. தியோபுரோமின் முதலில் வெளியேறும்; துகள்களோடு கூடுதலாக ஒட்டும் கஃபீன் பிந்தி வரும். இரண்டும் சுமார் 274 நனோமீற்றர் புறஊதாக் கதிரை உறிஞ்சுவதால் திரையில் இரண்டு முகடுகள் எழும். அளவு தெரிந்த நியமக் கரைசலின் முகட்டோடு அவற்றின் பரப்பை ஒப்பிட்டால் மில்லிகிராம் கணக்குக் கிடைக்கும்.

கணக்கு சொல்வது

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கணக்கில், 220 மில்லிலீற்றர் தேநீரில் சுமார் 50 மில்லிகிராம் கஃபீன் உண்டு. 50 கிராம் கடும் சொக்லேட்டில் 25, பால் சொக்லேட்டில் 10. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை பாதுகாப்பானது என 2015இல் அது அறிவித்தது. நாளைக்கு நாலைந்து தடவை சாயம் குடிக்கும் தோட்டத்துக் கர்ப்பிணிக்கு அந்த எல்லை தொலைவில் இல்லை.

குடித்து ஐந்து மணி நேரமானாலும் ஏறத்தாழப் பாதிக் கஃபீன் உடலில் தங்கியிருக்கும். எனவே அந்த அம்மா எட்டு மணிக் கோப்பையைத் தவிர்த்தது சரிதான். பேரனின் துண்டில் இருப்பது சொற்பம்.

மறுநாள் இதைச் சொன்னேன். "குடிக்காட்டியும் சில நாள் தூக்கம் வாறதில்ல" என்றார். போர் விட்டுச்சென்ற விழிப்பு எந்த முகட்டிலும் தெரியாது. தேநீரை நிறுத்தியும் தூக்கம் வராதவர்கள் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.