மணலியில் தொடங்கிய சுருதி

திருவள்ளூர்ச் சீமை என்றதும் இக்காலத்தவர் மனக்கண்ணில் தோன்றுவன கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும், சாலையில் இரவு பகல் ஓயாத லாரிகளின் வரிசையுமே ஆகும். ஆயினும் தமிழ்நாட்டுச் சங்கீத சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சீமை வேறொரு காரணத்தால் பிரசித்தமானது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை விளங்கும் திருவாலங்காட்டில், காரைக்கால் அம்மையார் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், இறைவன் ஆடுகையில் முழங்கிய வாத்தியங்களின் பெயர்களையும் ஒரே பாட்டில் அடுக்கிப் பாடினார். திருத்தணிகை மலையிலேதான் முத்துஸ்வாமி தீட்சிதர் தம் முதற் கிருதியை மாயாமாளவகௌள ராகத்தில் பாடினார் என்பது சம்பிரதாயம். அண்மைக் காலம் வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மணலியோ, மேனாட்டு வாத்தியம் ஒன்று நம் சங்கீதத்திற்குள் அடியெடுத்து வைத்த வாசல். இன்று இளைஞர் கைக்கு வந்திருக்கும் டிஜிட்டல் கிதார் மாடலரில் நல்ல நாதத்தை வரவழைப்பது எப்படி என்று ஆராயப் புகுவோர், முதலில் அந்த மணலி வாசலில் சிறிது நேரம் நின்று செல்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணலி முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவர் குமாரர் சின்னையா முதலியார் என்கிற வேங்கடகிருஷ்ண முதலியாரும் வித்வான்களைப் போஷித்த பிரபுக்களாக விளங்கினார்கள். திருவாரூரில் வாழ்ந்த ராமஸ்வாமி தீட்சிதர் அவர்களுடைய ஆதரவை ஏற்றுக் குடும்பத்துடன் மணலிக்கு வந்து தங்கினார். கம்பெனியாருடன் பழக்கமுள்ள சின்னையா முதலியார், தீட்சிதரின் குமாரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கே வெள்ளையர் வாசித்த பாண்டு வாத்தியத்தைக் கேட்கும்படி செய்தார். மூத்தவரான முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சாகித்தியம் இயற்றினார். சங்கராபரணத்தில் அமைந்து நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அவ்வுருப்படிகள் ஏறக்குறைய 40. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அவற்றுள் ஒன்று. இளையவரான பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858), முதலியாரின் ஏற்பாட்டால் ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் பிடில் பயின்று, அதிலே நம் ராகங்களை வாசிக்கலானார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தை அலங்கரித்த அவரைப் பற்றி அவருடைய வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் எழுதி வைத்திருக்கிறார்.

பிடில் வந்தது ஒரு செய்தி; வந்த பிடிலை நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பது அதனினும் பெரிய செய்தி. மேனாட்டார் மோவாயின் கீழ் இடுக்கி, நின்றுகொண்டு வாசித்த அந்த வாத்தியத்தை, சப்பணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது பாதத்தில் தாங்கி வாசிக்கும் முறை நாளடைவில் நிலைபெற்றது. அவர்கள் வைத்திருந்த தந்திச் சேர்க்கையை மாற்றி, சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்ததனால், விரல் தங்கு தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களைப் பேச இயன்றது. மரமும் நரம்பும் வில்லும் அவர்களுடையனவாகவே இருக்க, நாதம் மட்டும் நம்முடையதாயிற்று. சுரங்களுக்கிடையே அசையாத ஹார்மோனியத்திற்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நாடக மேடையிலும் பஜனையிலும் அது கோலோச்சியபோதிலும், கமகத்திற்கு இடங்கொடாது என்ற காரணம் கூறி 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கிவைத்தது.

கிதாரின் வரலாறும் இவ்வழியிலேயே நோக்கத்தக்கது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கிதார் பிறந்தபோது, மெலிந்த ஓசையைப் பெரிதாக்குவது ஒன்றே ஆம்ப்ளிஃபையரின் வேலையாக இருந்தது. ஆனால் வால்வுகளை அவற்றின் சக்திக்கு மேல் உழைக்க வைத்தபொழுது ஓசை சற்றே கரகரத்து, தடித்து, நெடுநேரம் நின்று ஒலித்ததைக் கேட்ட வித்வான்கள், பொறியாளர் குறை என்று கருதிய அதனையே குணமாகக் கொண்டார்கள். அன்று முதல் ஆம்ப்ளிஃபையர் வாத்தியத்தின் ஓர் அங்கமாயிற்று. 1959ஆம் ஆண்டின் ஃபெண்டர் பாஸ்மேனும், அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்வித்த ஆம்ப்ளிஃபையரும் இன்றளவும் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது இதனால்தான். நம் நாட்டிலும் மின்சாரம் தந்த அந்த நீடித்த நாதத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் உண்டு. இரட்டை இரட்டையான தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவது ஒன்றையும் சேர்த்து, மின்சார மாண்டலினில் கமகங்களைக் குழைந்து வரச்செய்த யு. ஸ்ரீநிவாஸ், மணலியில் பாலுஸ்வாமி தீட்சிதர் தொடங்கிய காரியத்தையே நம் கண்முன் மீண்டும் நிகழ்த்திக் காட்டினார்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது மாடலர். 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட பாட், 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் வந்த கெம்ப்பர் என்று படிப்படியாக வளர்ந்த இக்கருவி, கிதாரிலிருந்து வரும் மின்னலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, குறிப்பிட்ட ஓர் ஆம்ப்ளிஃபையரின் வால்வும் மின்மாற்றியும் அந்த அலையை எவ்விதம் திரிக்குமோ அவ்விதமே கணக்கினால் திரித்து, மீண்டும் ஓசையாக்கித் தருகிறது. ஒரு கைப்பெட்டியளவான கருவிக்குள் நூறு ஆம்ப்ளிஃபையர்கள் அடங்கியிருந்தும், அதனை வாங்கியவர் பலர் ஓசை தேனீக்கூட்டம் போல் இரைகிறது என்று வருந்தக் காண்கிறோம். காரணம் எளியது. கிதாருக்கென அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஓசையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நாம் ஆம்ப்ளிஃபையரின் ஓசை என்று எண்ணுவதில் செம்பாதி அந்த ஸ்பீக்கரின் அடக்கமே. மாடலரை நேரே மைக் செட்டில் இணைப்பவர், அதனுள் ஸ்பீக்கரின் இயல்பைக் கணக்கினால் தரும் கேபினெட் பகுதியை இயக்கத் தவறினால் அந்த அடக்கம் போய்விடுகிறது. கிதார் ஸ்பீக்கரிலேயே இணைத்துவிட்டு அப்பகுதியையும் இயக்கினாலோ, இருமுறை வடிகட்டிய ஓசை மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது.

மற்றவையும் இவ்வாறே குறைத்தலினால் கைகூடுவன. கரகரப்பைக் கூட்டும் கெயின் என்னும் திருகைத் தேவை என்று தோன்றும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் விரலின் மென்மையும் வன்மையும் வேறு வேறாகக் கேட்கும். 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழான உறுமலை அகற்றினால் பாஸ் கிதாருக்கும் மிருதங்கத்திற்கும் இடம் உண்டாகும். தாழ்ந்த ஒலியில் மனிதச் செவி மந்தர ஓசையைக் குறைவாகவே உணர்கிறது என்று ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் ஆராய்ந்து காட்டியுள்ளபடியால், நள்ளிரவில் வீட்டாரின் உறக்கம் கலையாதபடி மெல்லென வைத்து அமைத்த டோன், மேடையில் உரத்து ஒலிக்கையில் கீழோசை பெருகிக் குழம்பும். எனவே வாசிக்கப்போகும் உரப்பிலேயே அதனை அமைக்க வேண்டும். தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவா என்னும் நூலை மயிரிழையளவு நகர்த்தி நகர்த்தி, ரீங்காரம் விரியும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறாரே பாடகர், அந்தப் பொறுமைக்கும் இதற்கும் யாதொரு பேதமும் இல்லை.

ஆயுத பூஜையன்று கும்மிடிப்பூண்டி ஆலை வளாகத்தில் போடப்படும் மெல்லிசை மேடையை நினைத்துப் பார்க்கிறேன். கனமான வால்வ் ஆம்ப்ளிஃபையரை அங்கே சுமந்து வருவோர் அரியர். எர்த் சரியாக இல்லாவிடில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். ஷிப்டு முடிந்து வந்த இளைஞர் ஒருவர், தம் மாடலரை மிக்ஸரில் சொருகி, மைக் செட்காரர் ஓசையை ஏற்றும் வரையில் காத்திருந்து, பிறகு ஒரு திருகைச் சிறிதளவு குறைத்து, மறுபடியும் ஒரு தந்தியை மீட்டிச் செவி சாய்ப்பாராயின், அந்தக் கணத்தில் அவர் செய்வது இச்சீமைக்குப் புதியதன்று. மூன்று ஆண்டுகள் ஓர் அந்நிய வாத்தியத்தின் முன் அமர்ந்து, அது தரும் ஓசையை அப்படியே ஏற்காமல், தாம் கேட்க விரும்பிய ஓசைக்கு அதனைப் பழக்கிய பாலுஸ்வாமி தீட்சிதருக்கு அவர் அண்டை ஊர்க்காரரே ஆவார்.