கழுத்தில் கட்டிய துணி

மெட்ராஸ் மாநகராட்சி தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியது 1860இல். 1990களின் நடுப்பகுதி வரை அது ஓயவில்லை. வண்டி வரும், சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள், பேசின் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோய், பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள். கல்யாணமாகி மெட்ராஸ் சூளைப் பகுதிக்குக் குடிபோன என் பெரியத்தை சொல்வார்: வண்டி தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் கையில் கிடைத்த கந்தலைக் கிழித்து நாயின் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். ஆட்கள் கேட்டால், "எங்க வூட்டு நாய்தான்பா." வண்டி போன பிறகு அவிழ்த்துவிடுவார்களாம். சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் இருக்கும் முட்டுக்காட்டில், அநாதைக் குட்டிகளுக்கு வீடு தேடி அலையும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். உயிர் பிழைக்க ஒரு நாய்க்கு 'இன்னார் வீட்டு நாய்' என்ற பேர் வேண்டியிருந்ததை அவர்கள்தான் முதலில் புரிந்துகொண்டவர்கள்.

முன்பு இந்தக் கரையில் அந்தப் பேர் தேவைப்படவில்லை. நாய் குப்பத்துக்குச் சொந்தம். வலை உதறும் இடத்தில் சிதறியதைத் தின்னும், ராத்திரி கட்டுமரத்தடியில் படுக்கும். தமிழ்நாட்டில் நாய்க்குக் கல்லே நட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரன் கருந்தேவக்கத்தியோடு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு.

அப்படிப்பட்ட ஊரில் கொலைவண்டி எப்படி ஓடியது? பயத்தால். வெறிநோய் முற்றிவிட்டால் மருந்து கிடையாது, இன்றும்தான். 1902இல் லில்லி பேகன்ஹம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியில் இறந்த பிறகே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது, 1907இல். அதன் பிறகும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது எங்கள் தலைமுறை வரை பிள்ளைகளை நடுங்கவைத்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொன்று தீர்க்கும் வழியால் பயம் குறையவில்லை. ஒரு தெருவைக் காலிசெய்தால் அங்கே கிடக்கும் சோற்றுக்கும் குப்பைக்கும் பக்கத்துத் தெரு நாய் வரும். ஊசி போடாத நாய் வரும்.

இதற்கு மாற்று வழி ஒரு வீட்டிலிருந்து வந்தது. 1959இல் தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி உஷாவும் விமானி. அந்த வீட்டில் பிறந்ததுதான் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. 1964இல் அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா மாநகராட்சியிடம் கேட்டது எளிய விஷயம்: கொல்லாதீர்கள், கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். மாநகராட்சி ஒப்புக்கொள்ள 1996 ஆனது. 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது. பத்தில் ஏழு நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொல்வதற்குப் போட்ட பணத்தை அந்த முப்பது வருடமும் ஊசிக்குச் செலவழித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சென்னை மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிகிறது. அதைத் தாண்டி இருக்கும் முட்டுக்காடு ஓர் ஊராட்சி, மாநகராட்சியின் கருத்தடைத் திட்டம் இங்கே எட்டாது. 1984இல் படகுக் குழாம், 1996இல் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், அப்புறம் அகலமான கிழக்குக் கடற்கரைச் சாலை. சவுக்குத் தோப்பு இருந்த இடமெல்லாம் சுற்றுச்சுவர் வைத்த பங்களா. இங்கே நாய் அநாதையாவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கட்டட வேலைக்கு வரும் குடும்பம் கொட்டகையில் ஒரு குட்டியை வளர்க்கும். சிமெண்ட் மூட்டைக்கு அதுதான் காவல். வீடு முடிந்ததும் குடும்பம் அடுத்த சைட்டுக்கு லாரி ஏறிவிடும், கிரகப்பிரவேசத்தன்று நாய் கேட்டுக்கு வெளியே நிற்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களுக்கே வீடு கிடையாது. நாய் கடற்கரைக்குப் போனால் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையைத் தோண்டும், சாலைக்கு வந்தால் வண்டியில் அடிபடும். கருத்தடை இல்லாத பெட்டை என்றால் இரண்டே மாதத்தில் நாலைந்து குட்டி.

இப்போது என்னிடம் இருக்கும் செவலைப் பெட்டைக் குட்டியும் அப்படி ஒரு சைட்டிலிருந்து வந்ததுதான். போனில் முதல் கேள்வி, "ஆணா?" பெட்டை என்றதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். அடுத்தது, "என்ன ஜாதி?" நாட்டு நாய் என்பேன், இந்த உப்புக்காற்றும் வெயிலும் அதற்குப் பழக்கம், லாப்ரடார் மாதிரி ஏசி அறை கேட்காது. பிறகு நான் கேட்பேன்: நாள் முழுக்கச் சங்கிலியா? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமா? மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, ஆறு மாதம் ஆனதும் கருத்தடை. இரண்டுக்கும் சரி என்றால்தான் கொடுப்பேன். கேளம்பாக்கத்தில் ஓர் ஆசிரியர் குடும்பம் எல்லாவற்றுக்கும் சரி என்றிருக்கிறது. பாட்டிக்கு மட்டும் இன்னும் தயக்கம். ஞாயிற்றுக்கிழமை குட்டியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் வேண்டாம் என்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்.